படகு இல்லாதவர்களும் இந்த ஆற்றில்தான் பிழைக்கிறோம்: எண்ணூர் கழிமுகத்துக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அதிகாரிகளுக்கு,

எங்கள் குப்பத்தில் நீங்கள் எடுத்த மீனவர் கணக்கெடுப்பில், படிவம் நிரப்ப உதவிக்குக் கூப்பிடப்பட்ட பெண்களில் நானும் ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்பு படித்திருக்கிறேன், கையெழுத்து புரியும்படி இருக்கும் என்று உட்காரவைத்தார்கள். குடும்பத் தலைவர் பெயர், ஆதார் எண், அப்புறம் படகின் பதிவு எண், இன்ஜினின் குதிரைத்திறன், வலையின் வகை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு இந்தக் கட்டங்களில் எழுத ஒன்றுமே இல்லை. கோடு போடச் சொன்னார்கள், போட்டேன். கோடு போட்ட படிவங்களைத் தனியாக நூல் போட்டுக் கட்டிய அலுவலர், "இவங்க மீனவர் பட்டியல்ல வரமாட்டாங்க" என்றார். பட்டியல் ஒட்டியபோது பார்த்தோம். அந்தப் படிவங்களில் இருந்த ஒரு பெயரும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்த ஆலோசனைக் கூட்டத்தில், விடுபட்ட பெண்களுக்கு மாற்று வாழ்வாதாரமாகத் தையல் பயிற்சி தரலாம் என்று பேசினீர்கள். உங்களில் ஒருவர், "இவ்வளவு கஷ்டமான வேலையை ஏன்மா இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். கரிசனத்தோடுதான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதில் சொல்ல எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

கஷ்டமான வேலைதான். எவ்வளவு கஷ்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இயற்கையோடு இணைந்த வாழ்க்கை என்று அழகாக எழுதிவிடுகிறார்கள். மீதிப்பேர் பாவம் என்று எழுதுகிறார்கள். இரண்டுமே எங்கள் வேலையைப் பார்த்து எழுதியது இல்லை.

நாங்கள் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள். தண்ணீர் வற்றுகிற நேரம், விடியற்காலையோ பட்டப்பகலோ, கொசஸ்தலை ஆற்றில் இறங்க வேண்டும். பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் இரண்டு கையும் வேலைக்கு ஆகும். குந்தின நிலையிலேயே நகர்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவோம். தண்ணீர் மோவாய் வரை நிற்கும். இறால் சேற்றில் மேலாகப் புதைந்து கிடக்கும். விரல் பட்டதும் பின்பக்கமாகத் துள்ளும். அது துள்ளப்போகிற இடத்தில் இன்னொரு கை முன்கூட்டியே இருக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தந்து கற்றுக்கொள்வதில்லை. சின்ன வயதில் அம்மா பக்கத்தில் இறங்கி, வெறும் சேற்றை மட்டும் பிடித்துப் பிடித்து, ஒரு நாள் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

இறால் இருக்கிற சேற்றில் கெளுத்தியும் இருக்கும். அதன் முள் ஏறினால் தோள்பட்டை வரை கடுக்கும், அன்றைக்கு வேலை அவ்வளவுதான். களிநண்டு பிடித்தால் நகம் போகும். மூன்று நான்கு மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டுக் கரையேறினால் விரல் நுனியில் தோல் இருக்காது. ஈரச்சேலையோடு நாள் முழுக்க நிற்பதில் வருகிற பெண்களின் உபாதைகளை நாங்கள் டாக்டரிடம்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. இவ்வளவுக்கும் பிறகு பறியில் இருப்பது சில நாளில் ஒரு குழம்புக்குத்தான் காணும். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானம் கிடையாது. சேர்த்து வைத்துப் பிறகு விற்கலாம் என்றால் இறால் அடுத்த நாளுக்கே நிற்காது.

ஆற்றை மட்டும் வைத்து வருடம் முழுக்க எங்கள் பாட்டி காலத்திலும் யாரும் சாப்பிடவில்லை. மழை பெய்து வெள்ளம் வந்த பிறகு ஆறு. வெயில் காலத்தில் அத்திப்பட்டு உப்பளத்தில் உப்பு வாருவது. நடுவில் நுங்கு, பனங்கிழங்கு, கழிக்கரை உமிரிக் கீரை, வேலிகாத்தான் விறகு. அரிசி எப்போதும் காசு கொடுத்து வாங்கியதுதான், பிறகு ரேஷன் வந்தது. ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்கும் என்பதுதான் அந்த வாழ்க்கையின் பலம். இப்போது உப்பளம் பெரும்பாலும் போய்விட்டது. பனை போய்விட்டது. சடையங்குப்பம் பக்கம் இருந்த வயலும் போய்விட்டது. எல்லாம் போன பிறகு பாக்கி நிற்பது ஆறு ஒன்றுதான்.

இந்த வேலையின் கஷ்டத்துக்கு எங்களிடம் கணக்கு இருந்தது. வற்றம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்று தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக இழுக்கும், அட்டமி நவமியில் சோம்பி நிற்கும் என்று தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலை பெருகி முகத்துவாரம் அகலமாகத் திறந்தால் மார்கழி, தையில் வீட்டில் நாலு காசு இருக்கும். அதில்தான் வட்டிக்கடனை அடைப்போம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் எடுத்துவைப்போம். கட்டுவலைக்காரர்களுக்குக் குப்பங்களுக்குள் பாடு உண்டு. எந்த ஊர் என்றைக்கு எங்கே வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். ஆழமில்லாத ஓரச்சேறு எங்களுக்கு என்று எங்கும் எழுதிவைக்காமலே விட்டிருந்தார்கள். அடிதடி வராமல் பல தலைமுறை ஓடிய ஏற்பாடு அது.

இப்போது வந்திருக்கிற கஷ்டத்துக்கு எங்களிடம் கணக்கு இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் முக்கியமான பதில் இதுதான். வெள்ளமும் வற்றமும் கெளுத்தி முள்ளும் சேர்ந்து எங்களை ஆற்றைவிட்டு விரட்டவில்லை. ஆற்றில் பிறர் கொண்டுவந்து கொட்டியதுதான் விரட்டிக்கொண்டிருக்கிறது.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1960-களின் கடைசியில் வந்தது. எண்ணூரில் முதல் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. 2017-ல் அதை மூடினார்கள். அதற்குள் ஆற்றுக்கு வடக்கே வேறு நிலையங்கள் வந்துவிட்டன. 2001-ல் துறைமுகமும் வந்தது. இன்றைக்கு இந்தக் கழிமுகத்தைச் சுற்றி நிற்கும் அனல்மின் நிலையங்களின் திறன் 3,000 மெகாவாட்டுக்கு மேல். பூண்டியில் அணை கட்டி நகரத்தின் குடிநீருக்குத் தேக்கிய பிறகு, பெருமழை தவிர மற்ற நாளில் மேலேயிருந்து நல்ல தண்ணீர் வருவதும் குறைந்துபோனது. சென்னைக்கு மின்சாரமும் தண்ணீரும் பெட்ரோலும் வேண்டும், அது எங்களுக்கும் புரியும். எங்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது. அதன் செலவு முழுவதையும் ஒரு ஆற்றங்கரை மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி.

நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, செப்பாக்கம் பக்கத்துக் குளத்துக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் வருடக்கணக்காக ஒழுகி, சாம்பல் ஆற்றில் படிந்தது. எங்கள் சேறு கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். கையில் எடுத்தால் ஒட்டும். சாம்பல் படிந்த இடம் வெளிறிய சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருக்கும். காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே வாங்கும். வெயிலில் காய்ந்தால் சிமெண்டுத் தரையாக இறுகிவிடும். அதில் இறால் புதையாது, புழு இருக்காது, மீன் மேயாது. சின்ன வயதில் ஆள் முங்கும் ஆழம் என்று அம்மா போகவிடாத இடங்களில் இப்போது முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறோம். அங்கே படகும் தட்டுகிறது.

இதையெல்லாம் நாங்களாக ஜோடித்துச் சொல்லவில்லை. இங்குள்ள மீனவர்கள் தொடுத்த வழக்கில் 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தீர்ப்பு தந்தது. ஆற்றில் சாம்பல் சேர்ந்ததற்குப் பொறுப்பு யாருடையது என்று அது சொன்னது. சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்க வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பு உங்கள் மேஜையில் இருக்கிறது. சாம்பல் எங்கள் காலடியில் இருக்கிறது.

அடுத்தது காக்கா ஆழி. கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள். எங்களுக்கோ இதுதான் பெரிய அடி. காக்கா இறகு நிறத்தில், விரல் கணு அளவே இருக்கும் சிப்பி இது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது, கப்பல்கள் நிலைப்புக்காக நிரப்பிவரும் தண்ணீரில் இங்கே வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒன்றோடு ஒன்று நாரால் பின்னிக்கொண்டு சேற்றின் மேல் பாய் விரித்ததுபோலப் படர்ந்துவிடுகிறது. பாய்க்கு அடியில் சேறு அழுகி நாறுகிறது. மேலே இறால் புதைய இடமே இல்லை. நாங்கள் தடவிப் பிடித்த பச்சை ஆளியும் மட்டியும் அந்த இடங்களில் கண்ணில் படுவதில்லை. வலைக்காரர்களுக்காவது மேல் தண்ணீரில் மடவை, கிழங்கான் என்று ஏதாவது மாட்டும். உள்ளங்கையால் சேற்றைத் தடவுகிறவளுக்கு அந்தப் பாய் மேல் கை வைக்க முடியாது. ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு அம்மா யோசனை சொன்னார். கையுறை போட்ட கைக்கு இறால் துள்ளுவது தெரியாது.

காக்கா ஆழி முதலில் எங்கே தலைகாட்டியது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்று தேதி வாரியாக இல்லாவிட்டாலும் இடம் வாரியாக எங்கள் பெண்களால் சொல்ல முடியும். ஆற்றின் அடித்தரையை நாள் தவறாமல் தொட்டுப் பார்க்கிறவர்கள் இந்த நகரத்தில் நாங்கள் மட்டும்தான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. பட்டியலில் இல்லாதவர்களிடம் எப்படிக் கேட்பீர்கள்?

2023 டிசம்பரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மிக்ஜாம் புயல் மழையில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சு முட்டி ரோட்டுக்கு ஓடியதும் அந்த டிசம்பரில்தான். எண்ணெய் வந்தது எங்கள் பருவத்தின் உச்சத்தில். அலையாத்திச் செடிகளின் மேல் தண்ணீர் ஏறி இறங்கிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு பறக்க முடியாமல் நின்றன. எங்கள் ஆண்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். பலருக்குக் கையில் கொப்புளம். எண்ணெய் மேலே இருந்து போன பிறகும் சேற்றைத் தோண்டினால் வானவில் நிறத்தில் படலம் எழுந்தது. அந்தச் சேற்றில் பிடித்த இறாலைக் கழுவினாலும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. திருவொற்றியூர்த் தெருக்களில் கூடையை இறக்கினால், "எண்ணூர் இறாலா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாப்பாடு.

அப்போது அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500, சேதமான 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதித்த பகுதியின் மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. எங்களில் பலர் அந்த "மற்ற" குடும்பங்கள். சிலர் அதிலும் இல்லை. பருவம் முழுவதையும் தண்ணீரில் கழித்துப் பிழைக்கிறவளை, எண்ணெய் வாடை பட்டதற்காகப் பணம் வாங்குகிற அக்கம்பக்கத்துக்காரியாகப் பதிவு செய்தார்கள். தொகை சிறியதா பெரியதா என்பது எனக்கு அடுத்த விஷயம்தான். அன்றைக்கு விட்டுப்போன பெயரை இன்றைக்கு உங்கள் படிவமும் விட்டுவிட்டது. இப்படியே போனால் நாளைக்கு ஆற்றை மீட்கிறோம் என்று தூர்வாரும்போதும், இடம் மாற்றும்போதும், இழப்பீடு தரும்போதும் நாங்கள் இருக்கமாட்டோம்.

சரி, தையல் பயிற்சிக்கு வருகிறேன். தையலை நான் இளப்பமாக நினைக்கவில்லை. என் மகள் கற்றுக்கொள்ளட்டும், கம்ப்யூட்டரும் கற்றுக்கொள்ளட்டும், அவள் பாடு வேறு. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆயா இருக்கிறார். புருஷன் கடலில் போனவர் திரும்பவில்லை. மகன் இருக்கிறான், இல்லாததும் ஒன்றுதான். அறுபது வயதுக்கு மேல் அவர் இப்போதும் ஆற்றில் இறங்குகிறார். ஊசியில் நூல் கோர்க்க அவருக்குக் கண் தெரியாது. இறால் பிடிக்க அவருக்குக் கண் வேண்டாம். வயது வரம்பு, கல்விச் சான்றிதழ், ஜாமீன் கையெழுத்து, காண்டிராக்டரின் தயவு எதுவும் கேட்காமல் ஒரு பெண்ணுக்கு அன்றைய சோற்றைக் கொடுக்கிற இடம் வடசென்னையில் ஆறு மட்டும்தான். தொழிற்சாலைகள் வந்தபோது வேலை தருவோம் என்றார்கள். எங்கள் தெருப் பெண்களுக்குக் கிடைத்தது காண்டிராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலை, அதுவும் மாதத்தில் சில நாள். காட்டுப்பள்ளி, அத்திப்பட்டுப் பக்கத்து இருளர் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். அவர்களில் சிலருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே வருடக்கணக்காக இழுக்கிறது. படகுப் பதிவு எண்ணுக்கு எங்கே போவார்கள்?

மாற்று வாழ்வாதாரம் என்று பேசும்போது, இருக்கிற வாழ்வாதாரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டியாகிவிட்டதாக எங்களுக்குக் கேட்கிறது. ஆறு சாகவில்லை. சாம்பல் படியாத, ஆழி படராத ஓரங்களில் இப்போதும் இறால் இருக்கிறது. முகத்துவாரம் நன்றாகத் திறக்கிற வருடத்தில் குஞ்சு உள்ளே வருகிறது. அதை நம்பித்தான் கேட்கிறோம்.

நாங்கள் கேட்பது இவைதான்.

முதலில், கோடு போட்டுக் கட்டிவைத்த அந்தப் படிவங்களைத் திரும்ப எடுங்கள். கையால் பிடிக்கிறவர், கரையோரம் நண்டு, ஆளி, மட்டி எடுக்கிறவர், தூண்டில் போடுகிறவர் என்று தனி வகை சேர்த்து, ஆணோ பெண்ணோ பிடிக்கிறவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். குடும்பத் தலைவர் பெயரில் வேண்டாம். போலிப் பெயர் சேரும் என்று பயமிருந்தால் பட்டியலைக் குப்பத்தில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். யார் ஆற்றில் இறங்குகிறார்கள், யார் இறங்குவதில்லை என்று ஊருக்குத் தெரியும். இருளர் குடும்பங்களைச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வைக்காமல் இதில் சேருங்கள்.

சாம்பல் குழாயின் ஒழுகலை முழுசாக நிறுத்திவிட்டு அதற்குப் பிறகு தூர்வாருங்கள். ஒழுகும்போதே அள்ளுவது வீண் செலவு. மார்கழி, தை, மாசியில் தூர்வாரும் இயந்திரத்தை ஆற்றில் இறக்காதீர்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதைக் குப்பங்களோடு உட்கார்ந்து குறியுங்கள். ஓரச்சேறு முழுவதையும் அள்ளி ஆழமாக்கினால் படகுக்கு வழி கிடைக்கும், எங்களுக்கு நிற்க இடம் இருக்காது.

காக்கா ஆழியை அகற்றும் வேலையை வெளியூர்க் காண்டிராக்டுக்கு விடாமல், தகுந்த கருவியும் காலணியும் கூலியும் கொடுத்து எங்களுக்குத் தாருங்கள். எடுத்ததை மறுபடியும் கரையில் குவித்துவைத்தால் அடுத்த மழையில் அது ஆற்றுக்கே திரும்பும். அதற்கு இடம் முடிவான பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இந்தக் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர் மிகவும் கண்டிப்பான முதல் வகைப் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த எல்லையைத் தரையில் கல் நட்டுக் காட்டுங்கள். அதற்குள் இனி ஒரு லாரி மண்கூடக் கொட்ட அனுமதி தராதீர்கள்.

ஆற்றின் தண்ணீர், சேறு, இறால், மீன் இவற்றை மாதம் ஒருமுறை பரிசோதித்து, முடிவைத் தமிழில் ஒவ்வொரு குப்பத்தின் வலைக்கூடத்திலும் ஒட்டுங்கள். சாப்பிடலாம் என்றால் சாப்பிடலாம் என்று எழுதுங்கள், எங்கள் கூடைக்கு அது உதவும். கூடாது என்றால் அதையும் எழுதி, பிடிக்க முடியாத நாட்களுக்கு ஈடு தாருங்கள்.

கடைசியாக, உங்கள் திட்டக்குழுவில் கையால் பிடிக்கும் பெண்கள் இரண்டு பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தைக் கலெக்டர் ஆபீஸில் வைக்காமல் குப்பத்தில் வையுங்கள். போன கூட்டம் சரியாக வற்றம் வருகிற நேரத்தில் இருந்ததால், பேச வேண்டிய பாதிப்பேர் ஆற்றில் இருந்தார்கள். தேதி குறிப்பதற்கு முன்னால் எங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்கள், எந்த நாள், எந்த நேரம் தோது என்று சொல்கிறோம். இந்த மடலில் உள்ள ஒவ்வொரு கோரிக்கைக்கும், முடியும் அல்லது முடியாது என்று காரணத்தோடு எழுத்தில் 30 நாட்களுக்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கையால் இறால் பிடிக்கும் ஒரு பெண்,
எண்ணூர் கழிமுகக் கரை, வடசென்னை